4,999 ரூபாய் கொடுத்துப் பட்டினி கிடந்தேன்: 90 நாள் விரதக் குழு எப்படி?

"சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கலாம், சாப்பிடாம இருக்கிறதுக்கு யாராவது காசு கொடுப்பாங்களா?" என்று வீட்டில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அதற்குள் 4,999 ரூபாயை ஜிபேயில் அனுப்பியாகிவிட்டது. 90 நாள், தினம் 16 மணி நேரம் விரதம், மிச்சம் 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு, ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு கோச், ஞாயிற்றுக்கிழமை ஜூமில் ஒரு கூட்டம், இதுதான் அவர்கள் தருவது. பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த மாதிரிக் குழுக்கள் இப்போது ஊருக்கு நாலு இருக்கின்றன, விளம்பரம் முதல் பவுடர் வரை ஒன்றுக்கொன்று அச்சு அசல், அதனால் ஒன்றைப் பற்றிச் சொன்னால் மற்றதற்கும் முக்கால்வாசி பொருந்தும்.

நான் மதுரையில் சின்னதாக ஒரு ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பில் புக். பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் தனியாக வரவே மாட்டார்கள், பெண் வீட்டில் மூன்று பேர், தாய்மாமன் பெயரை எந்த வரியில் போடுவது என்று சண்டை போட இரண்டு பேர் என்று கூட்டமாகத்தான் வருவார்கள். புரூஃப் பார்த்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அவர்களுக்கு டீ சொல்லிவிட்டு நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? அப்படியே ஒரு நாளைக்கு ஆறு டீ. டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்தால் ஏறக்குறைய 50 கிராம் சர்க்கரை டீயிலேயே போய்விடுகிறது, கூட வருகிற வடையும் தேங்காய் பன்னும் தனிக்கணக்கு. ராத்திரி ஷட்டரை இறக்கும்போது மணி ஒன்பதரை, பத்து. எங்கள் ஊரில் பரோட்டாக் கல்லுக்கு அப்போதுதான் உயிரே வரும். 46 வயதில் எடை 84.6 கிலோ, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டுகிற ஹெச்பிஏ1சி 6.1, ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு கிரேடு 1. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோயின் வாசல்படி என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். "மாத்திரை இப்ப வேண்டாம், ராத்திரிச் சாப்பாட்டை முன்னாடி கொண்டு வாங்க, டீயைக் குறைங்க" என்றார். குறைத்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

தனியாக முயற்சி செய்யாமல் இல்லை. போனில் ஒரு டைமர் ஆப் இறக்கினேன். ராத்திரி எட்டு மணிக்கு அமுக்கினால் வட்டம் ஓடும், மறுநாள் பன்னிரண்டுக்குப் பச்சையாகும். ஒன்பது நாள் போனது. பத்தாவது நாள் ஒரு பெரிய ஆர்டர் முடித்த சந்தோஷத்தில் பையன்களோடு கறி தோசை, அப்புறம் பழக்கதோஷத்தில் மறுநாளும். ஆப் என்னை ஒன்றும் சொல்லவில்லை. வட்டத்தைத் திருப்பி அமுக்கினால் சுழியிலிருந்து ஆரம்பித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதனிடம் எனக்கு வெட்கமும் இல்லை.

எங்கள் அம்மா கிருத்திகைக்கு ஒருபொழுது இருப்பாள், ஏகாதசிக்கு அதுவும் இல்லை. அவளுக்கு ஆப் இல்லை, கோச் இல்லை. ஆனால் தெருவில் பத்து வீட்டில் அன்றைக்கு அதே விரதம், எட்டாவது வீட்டு அத்தை சாயங்காலம் வந்து "என்னடி, தாங்குதா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். ஐப்பசியில் கந்த சஷ்டிக்குத் திருப்பரங்குன்றத்தில் பார்த்திருப்பீர்கள், காப்புக் கட்டிக்கொண்டு ஆறு நாளும் கோயிலிலேயே தங்கி விரதம் இருப்பார்கள், ஒருத்தருக்கொருத்தர் முன்பின் தெரியாதவர்கள். என் அச்சகத்துக்கு பைண்டிங் வேலை செய்து கொடுக்கிற பாய், ரமலான் மாதத்தில் பசை கிண்டிக்கொண்டே பகல் முழுவதும் பச்சைத் தண்ணீர் இல்லாமல் இருப்பார், சாயங்காலம் மஃரிபு தொழுகைக்குப் பள்ளிவாசல் போய் எனக்கும் ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சி வாங்கி வருவார். "உங்களுக்கு கஷ்டமா இல்லையா பாய்?" என்று கேட்டேன். "தெருவே நோன்பு வச்சிருக்கு, இதுல நான் மட்டும் எங்க போய் டீ குடிக்கிறது?" என்றார். அந்தப் பதில்தான் என்னைக் குழு தேட வைத்தது. கறுப்புக் காபியும் தண்ணீரும் தாராளமாக அனுமதித்த என் விரதத்தை அவரிடம் விரதம் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது, அது வேறு விஷயம்.

சரி, சேவைக்கு வருகிறேன். குழுவில் 42 பேர். சேர்ந்த அன்றைக்கு ஒரு படிவம் வந்தது, உயரம், எடை, இடுப்பளவு, என்ன நோய், என்ன மாத்திரை. (மாத்திரை என்ற அந்தக் கட்டத்தை யாரும் படிக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.) நேரடியாகப் பதினாறு மணிக்குத் தள்ளவில்லை, முதல் வாரம் 12, அடுத்த வாரம் 14, அப்புறம்தான் 16. இது நல்ல யோசனை. முதல் வாரத்தில் எனக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது, பசியால் அல்ல, ஆறு டீயை ஒன்றாகக் குறைத்ததால். கோச் மேடம் அதைச் சரியாகக் கண்டுபிடித்து, காலையில் பால் சர்க்கரை இல்லாமல் டிகாக்‌ஷன் மட்டும் குடிக்கச் சொன்னார். மூன்று நாளில் தலைவலி போய்விட்டது.

அவர் சொன்னதில் இன்னொன்றும் உருப்படியானது. விரதத்தை முடிக்கிற முதல் வாய் முக்கியம் என்றார். பன்னிரண்டு மணிக்கு அகோரப் பசியில் உட்கார்ந்தால் கை தன்னாலே வடைக்கும் வெள்ளைச் சோற்றுக்கும்தான் போகும். அதனால் முதலில் இரண்டு அவித்த முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல், கூட ஒரு பொரியல், பத்து நிமிடம் கழித்துச் சோறு. செய்து பார்த்தேன். வழக்கமாக மூன்று கரண்டி போடுகிறவன் ஒன்றரையில் எழுந்துவிட்டேன். வீட்டில் உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

தினமும் தட்டைப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும், ராத்திரி "விண்டோ மூடியாச்சு", அதாவது அன்றைய எட்டு மணி நேரச் சாப்பாட்டு நேரம் முடிந்தது என்று எழுத வேண்டும். முதல் பத்து நாள் இது பள்ளிக்கூடப் பிள்ளை வீட்டுப்பாடம் காட்டுகிற மாதிரி எரிச்சலாக இருந்தது. 42 பேர் தட்டு என்றால் ஒரு நாளைக்கு எண்பது படம், அதில் பாதிக்கு மேல் காலிஃபிளவர். கோச் எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் காட்டுவார், பார்த்துத்தான் காட்டுகிறாரா என்று ஒருநாள் தட்டோரத்தில் ஜிலேபி வைத்துப் போட்டேன். கட்டைவிரல் வந்தது.

இதில் பொன்னான ஒரே ஏற்பாடு, இரண்டாவது வாரம் எங்களை நாலு நாலு பேராகப் பிரித்ததுதான். என்னோடு சேர்ந்தவர்கள் திண்டுக்கல்லில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருத்தர், திருச்சியில் நைட் டியூட்டி பார்க்கிற நர்ஸ் அக்கா, திருப்பூரில் வீட்டிலேயே தைக்கிற ஒரு தங்கச்சி. நாலு பேரும் நாலு திசை. நர்ஸ் அக்காவுக்கு ராத்திரிதான் பகல், அவர் சாப்பிடும் நேரம் எங்களுக்கு ஒத்தே வராது. தங்கச்சிக்கு ஆர்டர் நெருக்கடி வந்தால் மத்தியானச் சாப்பாடே நாலு மணிக்கு. ஆனாலும் நாலு பேர் என்றால் யார் காணவில்லை என்று தெரியும். நாற்பதில் தெரியாது.

22-ம் நாள் என்று நினைக்கிறேன். ஒரு கட்சிக்காரர் போஸ்டர் வேலையில் பணம் இழுத்தடித்து, மத்தியானம் சரியாகச் சாப்பிடாமல், எரிச்சலோடு ஷட்டரை இறக்கினேன். மணி 9.40. வண்டி தானாகவே போய் வழக்கமான பரோட்டாக் கடை முன்னால் நின்றது. மாஸ்டர் மாவை வீசி விசிறிக்கொண்டிருக்கிறார், கல்லில் எண்ணெய், பக்கத்துக் கல்லில் கொத்து நடக்கிறது, சால்னா வாசனை ரோட்டைத் தாண்டி வருகிறது. "அண்ணே, ரெண்டா மூணா?" என்று பையன் இலையை விரித்துவிட்டான். அப்போது போன். கண்டக்டர் அண்ணன். எட்டு மணிக்கு நான் "மூடியாச்சு" போடவில்லை என்று பார்த்திருக்கிறார்.

"எங்கப்பா நிக்கிற?"

"வீட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கேன்ணே."

"உங்க வீட்ல யாரு கொத்து போடுறா? இங்க வரைக்கும் கேக்குது."

முப்பது வருஷம் டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடித்த காது அது. திட்டவில்லை. "சரி, நின்னுட்ட, பசியோட போகாத, ஒரு ஆம்லெட்டைச் சாப்பிட்டுட்டு வண்டியை எடு, நாளைக்கு ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சுக்க" என்றார். இரண்டு முட்டை ஆம்லெட், மிளகு தூக்கலாக, இலையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். விரதச் சட்டப்படி தப்புதான். ஆனால் அன்றைக்கு மூன்று பரோட்டா இறங்கியிருந்தால் 23-ம் நாள் என்று ஒன்று இருந்திருக்காது, என் சங்கதி எனக்குத் தெரியும்.

இப்போது குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை சின்னதல்ல, உயிர் போகிற விஷயம். கண்டக்டர் அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு, கிளிமிபிரைடு மாத்திரை காலையில் போடுகிறவர். படிவத்தில் அதை எழுதியும் கொடுத்திருக்கிறார். அவருக்கும் எங்களுக்குக் கொடுத்த அதே அட்டவணைதான், மத்தியானம் 12 முதல் ராத்திரி 8. அவரோ பழக்கப்படி எட்டு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இட்லியை மட்டும் நிறுத்திவிட்டார். 16 மணி நேரத்துக்கு வந்த முதல் வாரம் ஒருநாள் காலை பத்தரைக்குப் பெரிய குழுவில் எழுதுகிறார், வேர்க்கிறது, கை நடுங்குகிறது, கண் மங்கலாக இருக்கிறது என்று. கோச்சின் உதவியாளர் ஒருத்தர் உடனே பதில் போட்டார்: "டீடாக்ஸ் ஆகுது சார், நல்ல அறிகுறி, தண்ணி குடிங்க."

டியூட்டி முடித்துத் தூங்கப் போன நர்ஸ் அக்கா இதைப் பார்த்துவிட்டு அலறியடித்துக்கொண்டு போன் செய்து, வீட்டில் இருந்தவர்களிடம் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்லி, மெஷினில் பார்க்கச் சொன்னார். சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போவதற்கு முன் குத்திப் பார்த்ததில் 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. அந்த வகை மாத்திரை நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது, இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும், வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் சர்க்கரை சரிந்துகொண்டே போகும் என்று அக்கா எங்களுக்கு அப்புறம் விளக்கினார். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு, இன்சுலின் போடுகிறவர்களுக்கு ரொம்ப அதிகம். அண்ணன் தன் டாக்டரைப் பார்த்து, மாத்திரை அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டு, பன்னிரண்டு மணி நேர விரதத்தோடு நிறுத்திக்கொண்டார். நிறுவனத்திடமிருந்து "வருந்துகிறோம்" என்று ஒரு ஸ்டிக்கர் வந்தது. ஸ்டிக்கர்!

இரண்டாவது குறை பவுடர். ஐந்தாவது வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பாதி நேரம் ஒரு புரதப் பவுடருக்குப் போய்விட்டது, டப்பா 2,400 ரூபாய். எங்கள் நாலு பேரில் தங்கச்சி மட்டும் வாங்கினாள், ஒரு மாதம் குடித்துவிட்டு, "அண்ணா, இந்தக் காசுக்கு எவ்வளவு முட்டை வாங்கியிருக்கலாம்னு கணக்குப் போட்டேன், போட்டிருக்கக் கூடாது" என்றாள்.

மூன்றாவது, ஆட்டோஃபேஜி. சரியாகப் பதினாறாவது மணி நேரத்தில் உடம்பு தன் குப்பையைத் தானே தின்னத் தொடங்கும், நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள் என்று வாரம் ஒரு படம் வரும். நோபல் பரிசு உண்மைதான், 2016-ல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று அவர் கண்டுபிடித்தது ஈஸ்ட்டில், நம் ஊர்ப் பேக்கரியில் மாவைப் பொங்க வைக்கிற அதே ஈஸ்ட்டில். மதுரையில் அச்சகம் வைத்திருக்கிற மனுஷனுக்கு எத்தனையாவது மணியில் தொடங்கும் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. பதினைந்தே முக்கால் மணி நேரத்தில் ஒரு வாய் மோர் குடித்துவிட்டேன், எல்லாம் வீணா என்று பயந்து கேட்கிற ஆட்களைக் குழுவில் பார்த்தேன், பாவமாக இருந்தது.

நர்ஸ் அக்கா இரண்டு ஆய்வுகளை அனுப்பி வைத்தார், விளம்பரத்தில் வராத சரக்கு. 2020-ல் அமெரிக்காவில் 116 பேரை வைத்து 12 வாரம் பார்த்திருக்கிறார்கள், ஒரு பாதிக்கு மத்தியானம் 12 முதல் ராத்திரி 8 வரை மட்டும் சாப்பாடு, அச்சாக எங்கள் அட்டவணை. அவர்களுக்குக் குறைந்தது சராசரி ஒரு கிலோ கூட இல்லை, மூன்று வேளை சாப்பிட்ட மற்ற பாதியைவிடச் சொல்லிக்கொள்கிற வித்தியாசமும் இல்லை. 2022-ல் சீனாவில் குவாங்சௌ நகரில் 139 பேர், ஒரு வருடம். எல்லோருக்கும் சாப்பாட்டின் அளவைக் குறைத்தார்கள், அதில் ஒரு பாதி காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு 8 கிலோ குறைந்தது, நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு 6.3 கிலோ. இந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது என்பதுதான் ஆய்வின் முடிவு. ஆக, மணிக் கணக்கில் மந்திரம் எதுவும் இல்லை. எனக்குக் குறைந்ததற்குக் காரணம் ராத்திரிப் பரோட்டாவும் ஐந்து டீயும் நின்றுபோனதுதான். எட்டு மணிக்கு மேல் இல்லை என்ற ஒற்றைச் சட்டம் எனக்குப் புரிகிற மாதிரி இருந்தது. கலோரி எண்ணிச் சாப்பிடு என்றால் முதல் நாளே ஓடியிருப்பேன்.

கல்யாணங்கள் பெரிய சோதனை. பத்திரிகை அடித்துக் கொடுத்த கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காராமல் வந்தால் அடுத்த காதுகுத்துப் பத்திரிகை வேறு அச்சகத்துக்குப் போய்விடும். கோச்சைக் கேட்டால் "விதிவிலக்கு கிடையாது சார், மொய் மட்டும் வச்சிட்டு வாங்க" என்றார். அவர் எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போகிறாரோ! தங்கச்சிதான் வழி சொன்னாள், முகூர்த்தச் சாப்பாடு காலை எட்டரைக்கா, அன்றைக்கு எட்டரைக்குத் திறந்து நாலரைக்கு மூடிவிடுங்கள், நாங்கள் மாற்றிக் குறித்துக்கொள்கிறோம் என்று. கேசரியும் பொங்கலும் சாப்பிட்டேன், ராத்திரி ஒன்றும் இல்லாமல் படுத்தேன். அன்று தூக்கம் கொஞ்சம் கஷ்டம்தான், பொய் சொல்வானேன்.

கடைசியில் என்ன கிடைத்தது என்றால், 90 நாளில் எடை 84.6-லிருந்து 78.9, ஹெச்பிஏ1சி 5.7, அதாவது வாசல்படியில்தான் இன்னும் நிற்கிறேன், ஆனால் தெருப்பக்கம் பார்த்து. இடுப்பில் பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போனது. முடிந்து ஏழு மாதம் ஆகிறது, இப்போது 79.6, தீபாவளிக்கு ஏறியது முழுசாக இறங்கவில்லை. மலச்சிக்கல் ஒரு மாதம் படுத்தியது, கீரையும் கொய்யாவும் தண்ணீரும் கூட்டியதும் சரியானது. பெரிய குழுவில் 42 பேரில் கடைசி வாரம் படம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் 11 பேர், நான் எண்ணினேன். அந்த 11-ல் எங்கள் நாலு பேரும் உண்டு.

பணத்துக்குத் தகுமா என்று கேட்டால், முதல் மாதம் தகும், அடுத்த இரண்டு மாதம் தகாது. நேரத்தை மெதுவாகக் கூட்டுவது, முதல் வாய் என்ன சாப்பிடுவது, நாலு பேராகச் சேர்த்துவிட்டது, இந்த மூன்றுக்கும் ஒரு 1,500 ரூபாய் கொடுக்கலாம். மிச்சமெல்லாம் கட்டைவிரலும் பவுடரும். நீங்கள் சேருவதாக இருந்தால் பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், "எனக்குச் சர்க்கரை மாத்திரை இருக்கு, என்ன செய்யணும்?" என்று. "முதல்ல உங்க டாக்டரைக் கேளுங்க" என்று வராமல் வேறு எந்தப் பதில் வந்தாலும் போனை வைத்துவிடுங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், வளர்கிற பிள்ளைகள் இந்தப் பக்கமே வர வேண்டாம். எங்கள் குழுவில் பதினேழு வயதுப் பிள்ளை ஒன்றைச் சேர்த்திருந்தார்கள், அம்மா பணம் கட்டியிருந்தார், அதைப் பார்த்தும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நான் உட்பட. அது இன்னும் உறுத்துகிறது.

சேராமலேயும் முடியும். கூட மூன்று பேர் வேண்டும், ஒரே வீட்டுக்காரர்களாக இல்லாமல் இருந்தால் நல்லது, வீட்டு ஆட்கள் என்றால் ஒன்று சண்டை வரும், இல்லை "பாவம், ஒரு தோசைதானே" என்று அவர்களே ஊற்றிக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் நடந்தது.

90 நாள் முடிந்ததும் 2,999-க்குப் புதுப்பிக்கச் சொல்லி வந்தது, புதுப்பிக்கவில்லை. நாங்கள் நாலு பேரும் தனியாக ஒரு குழு வைத்திருக்கிறோம், பெயர் "அடுப்பு அணைச்சாச்சு". கண்டக்டர் அண்ணன்தான் அட்மின், எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வருகைப் பதிவு எடுக்கிறார். கோச் மேடத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, பொங்கலுக்கு வாழ்த்துக்கூட அனுப்பினேன். பதிலுக்குப் பவுடர் டப்பா மேல் கரும்பு வைத்த படம் வந்தது, பொங்கல் தள்ளுபடி இருபது சதவீதம்.